வளைகோலும் வளரும் பிள்ளைகளும்



நூல்களில் வளைகோற் பந்தாட்டம் என்றும், மைதானங்களில் ஹொக்கி என்றும் வழங்கும் விளையாட்டைப் பற்றி இன்று சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகிறேன். ஓர் இளம் பிள்ளை இவ்விளையாட்டிலே படிப்படியாக வளர்வதற்குத் துணை செய்பவை எவை? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

களனி கங்கையின் ஓரமாக, இறப்பர் மலைகளின் நடுவே அமைந்த கரவனெல்லப் பகுதியில் ஆசிரியப் பணி புரியும் என் போன்றோரிடம் பெற்றோர் பல வேளைகளில் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. "எங்கள் தோட்டத்திலே சமதரையே இல்லை, ஆண்டின் பெரும்பகுதி மழை, செயற்கைப் புல்தரையை எங்கள் பிள்ளைகள் படத்திலேதான் கண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு இந்த விளையாட்டு ஏன்?" என்பதே அவ்வினா. இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. இதற்கு நேர்மையான விடை கூற வேண்டுமாயின், விளையாட்டின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

முழு அளவான ஹொக்கி மைதானம் 91.4 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் உடையது. ஒவ்வோர் அணிக்கும் பதினொருவர் ஆடுவர். சர்வதேச ஆட்டம் இன்று பதினைந்து நிமிடங்கள் கொண்ட நான்கு கூறுகளாக நடைபெறுகிறது. பந்தின் நிறை 156 முதல் 163 கிராம் வரை. கல்லைப் போன்ற கடினமுடையது. கோலின் ஒரு பக்கம் தட்டையானது, மறுபக்கம் உருண்டையானது. தட்டையான பக்கத்தாலன்றி, உருண்டையான பின்புறத்தால் பந்தைத் தொடலாகாது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கென்று வேறு கோல் கிடையாது. யாவருக்கும் இடக்கை கோலின் தலைப்பிலும், வலக்கை அதற்குக் கீழேயும் அமைதல் வேண்டும். கோலைத் திருப்புவது இடக்கை. வலக்கை அதற்கு வழி காட்டுவது.

இவ்விதிகளிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. காற்பந்தாட்டத்தில் ஓடவும் உதைக்கவும் தெரிந்த சிறுவன் முதல் நாளிலேயே ஒருவாறு ஆடிவிடுவான். ஹொக்கியிலோ, கையும் மணிக்கட்டும் கண்ணும் ஒன்றோடொன்று இசைந்தாலன்றி ஆட்டம் தொடங்குவதே இல்லை. அந்த இசைவு சொல்லிக் கொடுப்பதால் மட்டும் வருவதன்று. பந்தை ஆயிரம் ஆயிரம் முறை கோலால் தொடுவதால் வருவது. ஆகவே, பயிற்சியை ஒழுங்கு செய்பவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இன்று ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை பந்தைத் தொட்டது?"

இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். இருபத்திரண்டு பிள்ளைகளை ஒரு பந்துடன் பெரிய மைதானத்தில் ஒரு மணி நேரம் ஆடவிட்டால், சராசரியாக ஒரு பிள்ளையின் பங்குக்கு மூன்று நிமிடங்கூட வராது. அந்த மூன்று நிமிடத்திலும் பெரும்பகுதியை வல்லவர் நால்வர் எடுத்துக்கொள்வர். மற்றையோர் ஓடிக் களைப்பதோடு சரி. அதே பிள்ளைகளை மும்மூவராகப் பிரித்து, அறுவருக்கு ஒரு பந்து என்று சிறு சிறு களங்களில் ஆடவிட்டால், ஒருவர் பங்குக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். மைதானம் சிறிதாகச் சிறிதாகப் பிள்ளையின் பங்கு பெரிதாகிறது.

இங்கேதான் தோட்டப்புறப் பெற்றோரின் முதற் கவலைக்கு விடை இருக்கிறது. சிறு வயதுப் பயிற்சிக்குப் பெரிய சமதரை தேவையில்லை. காலையிலே தொழிலாளர் கூடிக் கலையும் பிரட்டுக்களம் மாலையில் வெறுமையாகக் கிடக்கும். பாடசாலையின் முன்றில் இருக்கிறது. இருபது அடி அகலமுள்ள ஒரு துண்டு நிலமும், இரண்டு கற்களை வைத்து அமைத்த ஒரு சிறு வாயிலும் போதும். ஐவர் கொண்ட அணிகள் ஆடும் குறுங்களப் போட்டியைச் சர்வதேச ஹொக்கிச் சம்மேளனமே இன்று நடத்தி வருகிறது. 2014 இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த இளையோர் ஒலிம்பிக் விழாவில் அவ்வகை ஆட்டம் இடம்பெற்றது; 2024 இல் ஓமானில் அதற்கென முதல் உலகக் கிண்ணப் போட்டியும் நடைபெற்றது. சிற்றிடத்தில் ஆடுவது ஏழைகளின் மாற்றுவழி என எண்ண வேண்டாம். அது கற்றலுக்குரிய வழியே ஆகும்.

வசதியற்ற இடத்திலிருந்து வீரர் தோன்றியதற்கு எடுத்துக்காட்டு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இந்தியாவின் ஒடிசா மாநிலத்திலே சுந்தர்கர் என்னும் மாவட்டம் உள்ளது. காடும் மேடும் நிறைந்த, பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் மாவட்டம் அது. அங்கே சிறுவர் மூங்கிலையும் மரக்கிளையையும் வளைத்துக் கோலாக்கி, மேடுபள்ளமான தரையிலே ஆடிப் பழகினர். ஊர்ப் போட்டியில் வெல்லும் அணிக்கு ஆடு ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது அப்பகுதியின் வழக்கம். அம்மாவட்டத்துச் சௌனாமரா என்னும் சிற்றூரிலிருந்து வந்த திலீப் திர்க்கி, 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் இந்தியாவுக்காக ஆடினார். நானூறுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் பங்குபற்றினார். 2022 இல் இந்திய ஹொக்கி அமைப்பின் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார்.

அங்கே கரடுமுரடான தரை வீரரை உருவாக்கியது என்று சொல்வது பாதி உண்மையே. எல்லாப் பிள்ளைகளும் ஆடினர்; பெரியோர் நின்று பார்த்தனர்; ஆட்டம் ஊரின் திருவிழாக்களுள் ஒன்றாயிற்று. இது முதற் பாதி. மறு பாதி, ரூர்கேலாவிலுள்ள பன்போஷ் விளையாட்டு விடுதி. ஊரிலே கைத்திறன் பெற்ற சிறுவர்க்கு உணவும் உறைவிடமும் கல்வியும் முறையான பயிற்சியும் ஒரே இடத்தில் அங்குக் கிடைத்தன. ஊர் விதைத்தது, விடுதி நீர் பாய்ச்சியது. இரண்டில் ஒன்று இல்லாதிருப்பின் விளைவு வேறாயிருக்கும்.

இனித் தமிழ் மண்ணுக்கு வருவோம். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற கோவில்பட்டி, ஹொக்கிக்கும் பெயர்பெற்ற ஊராகும். பெரிய நகரமன்று, கரிசற் காட்டு ஊர். அங்கே இலட்சுமி அம்மாள் நினைவுக் கிண்ணத்துக்காக நடைபெறும் அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் சிறந்த அணிகள் வருகின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹொக்கி விடுதியும் அங்கு உண்டு. அங்குப் பயின்ற கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் 2022 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பெற்றனர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி ஒரு கோல் அடித்தார். ஓராண்டின் பின் 2023 இல், சென்னையில் நடந்த ஆசிய வெற்றிக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

கோவில்பட்டி நமக்குக் கூறும் பாடம் யாது? சிறுவன் ஒருவன் தன் கண்ணெதிரே தன்னிலும் மேலான ஆட்டத்தை ஆண்டுதோறும் காண வேண்டும். பந்தை எப்படி நிறுத்துகிறார்கள், பந்து இல்லாத வேளையில் எங்கே ஓடுகிறார்கள், தோற்றபின் எதிரணியினரோடு எப்படிக் கைகுலுக்குகிறார்கள் என்பனவற்றை அவன் பார்த்தே கற்றுக்கொள்கிறான். ஆயிரம் சொற்களால் ஓர் ஆசிரியர் விளக்க முடியாததைச் சிறந்த வீரனின் ஓர் அசைவு விளக்கிவிடும்.

நம் நாட்டிலே மாத்தளையை ஹொக்கி நகரம் என்பர். அங்கே புனித தோமையார் கல்லூரி, விஞ்ஞானக் கல்லூரி, ஸாஹிராக் கல்லூரி எனப் பல பாடசாலைகள் ஒரே ஊரில் இருந்து ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. போட்டிக்கென நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அடுத்த பாடசாலைக்கு நடந்தே போகலாம். ஒரு பாடசாலை தனியாக வீரரை வளர்ப்பது அரிது. ஆடி வெல்லவும் ஆடித் தோற்கவும் அருகிலே நல்ல அயலவர் வேண்டும். ருவன்வெல்ல, கரவனெல்ல, யட்டியாந்தோட்டை, புளத்கொஹுப்பிட்டிய ஆகிய இடங்களிலுள்ள பாடசாலைகள், தமிழ் மொழியாயினும் சிங்கள மொழியாயினும், மாதம் ஒரு சனிக்கிழமை ஒன்றுகூடிச் சிறு களங்களில் ஐவர் ஆட்டம் ஆடினால் அதற்குப் பெருஞ் செலவு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் ஒருவரது மொழியை ஒருவர் கற்கவும் அது வழியாகும்.

அடுத்ததாக, வளர்ச்சிக்குத் தடையாயிருக்கும் ஒரு வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம்மவர் பழமொழி. விளையாட்டுத் துறையில் இப்பழமொழி பல வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும். பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறோம் எனக் கொள்வோம். ஒருவன் ஜனவரியிலும் மற்றொருவன் அதே ஆண்டு டிசம்பரிலும் பிறந்தவர்கள். பட்டியலில் இருவரும் ஒரே வயதினர். உண்மையிலோ ஏறக்குறைய ஓர் ஆண்டு இடைவெளி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஓர் ஆண்டு என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய வேறுபாடு. முன்னவனைத் திறமைசாலி என்று நாம் தெரிவு செய்கிறோம். அவனுக்குக் கோலும் பயிற்சியும் போட்டியும் கிடைக்கின்றன. பின்னவன் வீட்டுக்குப் போகிறான். மூன்று ஆண்டுகளின் பின் இருவரையும் ஒப்பிட்டு, "பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே" என்கிறோம். பயிரை நாம் தெரிவு செய்தோமா, அல்லது நீர் ஊற்றிய பயிர் மட்டும் வளர்ந்ததா?

கனடா நாட்டிலே பனித்தரை ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ரொஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலாளரும் அவர் துணைவர்களும் ஆராய்ந்து 1985 இல் வெளியிட்டனர். ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோரே அணிகளில் மிகுந்திருந்தனர். பின்னர் வேறு பல விளையாட்டுகளிலும் இதுவே காணப்பட்டது. ஆதலின், சிறு வயதில் "யார் சிறந்தவர்?" என்று கேட்பதினும், "சென்ற தவணையிலிருந்து யார் முன்னேறியிருக்கிறார்?" என்று கேட்பது நன்று. பதினான்கு வயது வரையில் யாரையும் நீக்காதிருத்தல், எல்லோரையும் எல்லா இடங்களிலும் மாற்றி மாற்றி ஆடவிடுதல், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட்டத்தில் பாதி நேரமாவது களத்தில் இடமளித்தல் ஆகிய மூன்றையும் கைக்கொண்டால், சிறுவர் கிண்ணங்கள் சில கைநழுவிப் போகலாம். ஆனால், பிந்தி வளரும் பிள்ளைகள் நம் கையை விட்டுப் போகமாட்டார்கள்.

உடலைப் பேணுதல் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஹொக்கி குனிந்து ஆடும் ஆட்டம். முழங்காலை மடக்காமல் முதுகை மட்டும் வளைத்து ஆடப் பழகிய பிள்ளைக்கு இடுப்பு நோவு நிச்சயம். "முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, தலையை உயர்த்து" என்பதே முதற் பாடமாதல் வேண்டும். கோலை நிலத்தில் நிறுத்தினால் அதன் தலைப்பு பிள்ளையின் இடுப்பெலும்பு வரை வருதல் பொருத்தம்; அண்ணனின் நீண்ட கோலைத் தம்பிக்குக் கொடுப்பது சிக்கனம் போலத் தோன்றினும், பிழையான பழக்கத்துக்கே இடந்தரும். தொடக்கத்தில் கடினப் பந்துக்குப் பதிலாக டென்னிஸ் பந்தைப் பயன்படுத்தலாம். கடினப் பந்தைக் கையாளத் தொடங்கும்போது பற்காப்பும் கணைக்காற் காப்பும் இன்றியமையாதவை. காப்புக் கவசம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் கோல் காப்பாளராக நிறுத்தலாகாது. கவசம் வாங்கும் வரை வாயிலைக் குறுக்கி, காப்பாளரின்றியே ஆடலாம்.

எமது பகுதிக்கு மழை ஒரு தனிப் பிரச்சினை. மே மாதந் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. இடி கேட்ட உடனே பிள்ளைகள் மைதானத்தை விட்டுக் கூரையுள்ள கட்டடத்துக்குள் வருதல் வேண்டும். மரத்தடியில் ஒதுங்குதல் கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. மழை மாதங்களில் காலை வேளையையும், மண்டபத்தின் சீமெந்துத் தரையையும் பயன்படுத்தலாம். சீமெந்துத் தரையிலே டென்னிஸ் பந்தை வலமும் இடமும் உருட்டிப் பழகும் கால்மணி நேரம் வீண் போவதில்லை.

இத்தனையும் கூறியபின், கசப்பான ஓர் உண்மையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். சிறு களம் தொடக்கத்துக்கு உரியது, முடிவுக்கு உரியதன்று. 1975 இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணத்தை வென்ற இந்தியா, அடுத்த ஆண்டே மொன்றியல் ஒலிம்பிக் விழாவில் ஏழாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. ஒலிம்பிக் ஹொக்கி செயற்கைத் தரையில் முதன்முதலாக நடைபெற்றது அவ்விழாவிலேயே. பந்து துள்ளாமல் விரைந்து உருளும் அத்தரை, வேறு வேகத்தையும் வேறு உடல்வலிமையையும் வேண்டி நின்றது. 1980 இல் மொஸ்கோவில், பல நாடுகள் கலந்துகொள்ளாத விழாவில், தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் இந்தியா தன் எட்டாவது தங்கத்தைப் பெற்றது. அதன்பின் ஒலிம்பிக்கில் மீண்டும் ஒரு பதக்கம் காண, 2021 இல் டோக்கியோவில் நடந்த விழா வரை நாற்பத்தோராண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நம் நிலையோ இன்னும் தாழ்வானது. 2018 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா நம் அணிக்கு எதிராக இருபது கோல்கள் அடித்தது. நம்மால் ஒன்றுகூட அடிக்க இயலவில்லை. நம் இளைஞர்க்குத் திறமை இல்லை என்பது இதன் பொருளன்று. திறமையுள்ள பிள்ளை ஏறிச் செல்லும் படிக்கட்டில் நடுவிலே பல படிகள் இல்லை என்பதே பொருள்.

ஆகவே, பதினான்கு, பதினைந்து வயதை அடைந்த பிள்ளைகளுக்குச் செயற்கைத் தரையில் ஆடும் வாய்ப்பை ஆண்டில் சில முறையாவது ஏற்படுத்துதல் வேண்டும். கொழும்பு ரீட் மாவத்தையிலுள்ள தரைக்கு எமது பகுதியிலிருந்து பஸ்ஸில் அரை நாளிற் சென்றடையலாம். பல பாடசாலைகள் சேர்ந்து ஒரு வண்டியை அமர்த்தினால் ஒரு பிள்ளையின் பங்குக்கு வரும் செலவு தாங்கத்தக்கதாகும். வலய அதிகாரிகளும் தோட்ட நிர்வாகங்களும் மனம் வைத்தால் இது ஒழுங்கான ஏற்பாடாகவே நிலைபெறும்.

தோட்டப் பிள்ளைகளின் வாழ்விலே அதே பதினைந்து வயதுதான் ஆபத்தான திருப்பமும் ஆகும். பாடசாலையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போகும் வயது அது. பெற்றோர் விடியற்காலையிலேயே பால் வெட்டச் சென்றுவிடுவர். பிள்ளை பாடசாலைக்குப் போனதா என்று பார்க்கவும் அவர்களுக்கு நேரமில்லை. அணியில் இடம் பெற்ற பிள்ளையோ, பயிற்சிக்காகவேனும் பாடசாலைக்கு வரும். வரும் பிள்ளைக்கே பாடமும் சொல்லிக் கொடுக்க முடியும். "விளையாட்டினால் படிப்புக் கெடும்" என்று அஞ்சும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் பயிற்சியை வாரம் இரு நாளாகக் குறைக்கலாம். முற்றாக நிறுத்துதல் வேண்டா. நிறுத்தினால் பிள்ளை திரும்பி வருவதில்லை.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது இன்னும் உண்மை. சுந்தர்கருக்கு அடுத்துள்ள ஜார்க்கண்ட் மாநிலத்துச் சிம்டேகா மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த சலீமா டெடே, டோக்கியோவில் நான்காமிடம் பெற்ற இந்திய மகளிர் அணியில் ஆடி, 2024 இல் அவ்வணியின் தலைவியானார். நம் பெண் பிள்ளைகளுக்கும் வேண்டியது பெரிதல்ல: இருட்டுமுன் முடியும் பயிற்சி, உடை மாற்ற ஒரு பூட்டிய அறை, நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியை. இம்மூன்றும் இருந்தால் தாய்மார் தடை சொல்வதில்லை என்பது எம் பகுதியில் நாம் காண்பது.

இறுதியாக ஒன்று. தரை, கோல், பந்து ஆகிய அனைத்தினும் முதன்மையானது, நாள் தவறாமல் வரும் ஒரு பெரியவர். அவர் சிறந்த வீரராயிருந்திருக்க வேண்டுவதில்லை. குறித்த நேரத்துக்கு வருதல், எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் அறிதல், பிழையைத் திருத்தும்போது பிள்ளையை இழிவுபடுத்தாதிருத்தல், கோல்களை எண்ணிப் பூட்டி வைத்தல் ஆகிய இவை போதும். நுட்பங்களைப் பயிற்றுநரிடம் கேட்டு அறியலாம். ஒழுங்கையோ கடையில் வாங்க முடியாது. தோட்டத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றால், வாரம் மூன்று மாலைகள், ஆறு பந்துகள், இருபத்துநான்கு கோல்கள் என்ற அளவிலேயே ஒரு நல்ல தொடக்கத்தைச் செய்யலாம்.

நேயர்களே, அந்த இருபத்துநால்வரில் ஒருவர் நாட்டின் அணியில் இடம் பெறலாம். ஒருவரும் பெறாமலும் போகலாம். ஆயினும், ஐந்து ஆண்டுகளின் பின் அவ்விருபத்துநால்வரும் பாடசாலைப் பட்டியலில் இருப்பார்களாயின், அவர்களிடம் செலவிட்ட மாலைகள் வீணாகவில்லை என்று கொள்ளலாம். உங்கள் ஊரில் வெறுமையாகக் கிடக்கும் சிறு நிலத்துண்டு எது, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் யார் என்பதை இவ்வாரமே எண்ணிப் பாருங்கள்.